உடம்புச் சூடு என்னும் ஒற்றைப் பதில்

உதட்டில் ஒரு புண் வந்தால் நம் வீடுகளில் அதை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்ப்பவர்கள் குறைவு. பார்ப்பதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது: "சூடு." கூடவே வைத்தியமும் வந்துவிடும். மோர் குடி, இளநீர் குடி, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி படுக்கும்போது தொப்புளில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விடு, மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைத்துச் சாப்பிடு. ஒரு வாரத்தில் ஆறவில்லை என்றால் மெடிக்கல் ஷாப்பில் பி காம்ப்ளெக்ஸ் ஒரு அட்டை. அதற்கும் ஆறவில்லை என்றால்? அந்த இடத்தில் நம் வழக்கமான பதிலிடம் ஒன்றுமே இல்லை. "சூடு இன்னும் தணியல" என்று சொல்லி மறுபடி மோருக்கே திரும்புகிறோம்.

மோர் மீதோ கீரை மீதோ எனக்கு வழக்கு இல்லை. அவற்றால் கெட்டுப்போனவர் யாரும் இல்லை. ஒரு புண்ணைப் பார்க்காமலே அதற்குக் காரணம் சொல்லி முடிக்கும் துணிச்சலைத்தான் மறுக்கிறேன். உதட்டில் புண் வரப் பத்துப் பதினைந்து காரணங்களாவது உண்டு. பெரும்பாலானவை தாமாக ஆறும். சில, ஒரு மாத்திரையை நிறுத்தினால் ஆறும். சில, இரத்தத்தில் இரும்பு கூடினால் ஆறும். ஒன்றிரண்டு, ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் தாடை எலும்பு வரை போய்விடும். இத்தனையையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடுகிறோம். அந்தச் சொல்லுக்குக் கெடு கிடையாது என்பதே என் முதல் குற்றச்சாட்டு. எத்தனை நாள் வரைக்கும் அது சூடு, எந்த நாளிலிருந்து அது வேறு ஏதோ என்று சொல்ல அந்த நம்பிக்கையில் இடமே இல்லை.

உடம்பின் வெப்பத்தை மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே வைத்திருக்கிறது. வேலூரின் சித்திரை வெயிலிலும் உதகையின் மார்கழிக் குளிரிலும், நோயில்லாத ஒருவரின் நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. கோழிக்கறி, மாம்பழம், பப்பாளி, இரவுக் கண்விழிப்பு, பைக்கில் நெடும்பயணம் என்று சூட்டுக்குக் காரணமாக நாம் அடுக்கும் எதுவும் அந்த அளவைக் காய்ச்சல் வரைக்கும் ஏற்றுவதில்லை. "தெர்மாமீட்டர் சூட்டைச் சொல்லவில்லை, பித்தத்தைச் சொல்கிறோம்" என்பார்கள் சிலர். சரி, சித்த மருத்துவத்தின் முறைப்படியே பேசலாம். ஒரு சித்த மருத்துவர் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டையும் பார்க்க வேண்டும். எண்வகைத் தேர்வு என்று அதற்குப் பெயர். அதற்குப் பிறகுதான் பித்தமா வாதமா என்று அவர் வாய் திறக்க வேண்டும். வீட்டில் சொல்லப்படும் "சூடு" இந்த எட்டில் ஒன்றைக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு மரபின் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்த மரபின் ஒழுங்கையே மீறுகிற பழக்கம் இது.

"ஆனால் மோர் குடித்தால் ஆறுகிறதே, கண்ணால் பார்த்திருக்கிறோமே?" எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். இதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. வாயின் உட்தோல் உடம்பிலேயே வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் பகுதிகளில் ஒன்று. உதட்டுக்கு இரத்த ஓட்டமும் அதிகம். உள்ளுதட்டில் நடுவே வெளுத்து, சுற்றிலும் சிவந்து, காரம் பட்டால் கண்ணில் நீர் வரவைக்கும் சிறு குழிப்புண்ணை ஆஃப்தஸ் புண் என்கிறது மருத்துவம். அது எந்த வைத்தியமும் இல்லாமல் 7 முதல் 14 நாட்களில் ஆறிவிடும். முதல் நாள் யாரும் கவலைப்படுவதில்லை. நாலாம் நாள் வலி முற்றும்போதுதான் மோர் தொடங்குகிறது, ஏழாம் நாள் புண் தன் போக்கில் ஆறத் தொடங்குகிறது, பெயர் மோருக்குப் போகிறது. மோர் என்றால் என்னவென்றே தெரியாத நாடுகளிலும் அந்தப் புண் இதே கணக்கில்தான் ஆறுகிறது.

உதட்டுக்கு வெளியே, தோலும் சிவப்பும் சேரும் கோட்டில் வருவது வேறு கதை. முதலில் ஒரு குறுகுறுப்பு, லேசான எரிச்சல். மறுநாள் கடுகு அளவில் நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பும். அவை உடைந்து, பொருக்குத் தட்டி, பத்து நாளில் உதிர்ந்துவிடும். ஊரில் இதைப் பல்லி எச்சம் பட்டது என்பார்கள். அக்கி என்று சொல்லி, குயவரிடம் போய்க் காவி பூசி எழுதிக்கொண்டு வருவதும் உண்டு. காய்ச்சலின் முடிவில் வந்தால், உள்ளிருந்த காய்ச்சல் உதட்டு வழியே வெளியேறுகிறது என்று ஆறுதல் சொல்வார்கள். இது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸின் வேலை. பெரும்பாலும் சிறு வயதிலேயே, பெரியவர்கள் கொஞ்சிய முத்தத்தில் தொற்றி, முகத்தின் உணர்வு நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. பிறகு ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கும். உலகில் 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேரிடம் இதன் முதல் வகை இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இது யாருடைய ஒழுக்கத்துக்கும் சான்று கிடையாது.

இங்கே சூட்டுக் கட்சிக்கு ஒரு வாதம் இருக்கிறது. வெயிலில் அலைந்தால் இந்தக் கொப்புளம் வருகிறது, காய்ச்சலில் வருகிறது, தூக்கம் கெட்டால் வருகிறது. இதெல்லாம் சூடு இல்லாமல் வேறென்ன? காய்ச்சலும் மன உளைச்சலும் உடம்பின் எதிர்ப்பைக் கொஞ்ச காலத்துக்குத் தளர்த்துகின்றன, தூங்கிய வைரஸ் விழிக்கிறது. வெயில் விஷயத்தில் குற்றவாளி புற ஊதாக் கதிர். பனி மூடிய மலைகளில் சறுக்கி விளையாடுகிறவர்களுக்கு, சுற்றிலும் உறைபனி இருக்கும்போதே, இதே கொப்புளம் உதட்டில் எழும்புவது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த செய்தி. பனியில் பட்டுத் தெறிக்கும் கதிர் உதட்டைத் தாக்குகிறது. சூடுதான் காரணம் என்றால் அங்கே அது வரவே கூடாது. இதற்கு மருந்தும் இருக்கிறது. மருந்து ஆய்வாளர் கெர்ட்ரூட் எலியனுக்கு 1988 இல் கிடைத்த நோபல் பரிசுக்குப் பின்னால் இருந்த ஆய்வுகளில் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைப் பற்றியதும் ஒன்று. குறுகுறுப்புத் தொடங்கிய முதல் நாளிலேயே மருத்துவர் சொன்ன அளவில் எடுத்தால் பலன் தரும். பொருக்குத் தட்டிய பிறகு எடுப்பதில் பெரிய பயன் இல்லை. காவி உலர்வதற்குக் காத்திருக்கும் நாட்களில் இந்த வாய்ப்புதான் கை நழுவுகிறது.

பி காம்ப்ளெக்ஸுக்கு வருகிறேன். இந்த நம்பிக்கைக்கு மதிக்கத்தக்க வரலாறு இருப்பதால் கொஞ்சம் நின்று பேச வேண்டும். குன்னூரில் பாஸ்டர் நிறுவனக் கட்டடத்தில் 1918 இல் பெரிபெரி ஆய்வாகத் தொடங்கிய சிறு அமைப்புதான் பின்னாளில் ஹைதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. 1930களில் குன்னூரில் டபிள்யூ. ஆர். ஏக்ராய்டும் அவருடன் இருந்தவர்களும், தீட்டிய அரிசியே உணவாக வாழ்ந்தவர்களின் வாய்ப்புண்ணையும் கடைவாய் வெடிப்பையும் கவனித்து, அதை பி2 என்ற ரிபோஃபிளேவின் பற்றாக்குறையோடு சேர்த்துப் பேசினார்கள். 1938 இல் அமெரிக்காவில் செப்ரெலும் பட்லரும் ரிபோஃபிளேவின் குறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்தபோது வாய்க்கோடி வெடித்தது. அந்தச் சத்தைத் திரும்பக் கொடுத்தபோது ஆறியது. மெடிக்கல் ஷாப் அண்ணன் இன்று நீட்டும் அட்டையின் பின்னால் இவ்வளவு நேர்மையான உழைப்பு இருக்கிறது.

ஆனால் அந்த ஆய்வு எதைச் சொன்னது? சத்துக் குறைந்தவருக்கு, இரண்டு வாய்க்கோடிகளிலும் வரும் வெடிப்பைப் பற்றிச் சொன்னது. கீழுதட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் தடித்து நிற்கும் புண்ணைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடைவாய்ப் புண்ணிலேயே கூட இன்று பி2 மட்டும் காரணமாக இருப்பது குறைவு. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. இரும்புச் சத்துக் குறைவில் வாய்க்கோடி வெடிக்கும், நாக்கு வழவழக்கும். மஞ்சள் நிற பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகள் பலவற்றில் இரும்பே கிடையாது. ஆறு மாதம் அதை விழுங்கிவிட்டு "எனக்கு எந்த மருந்தும் கேட்காது" என்று சொல்லும் பெண்ணுக்கு, ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை அன்றைக்கே விடை சொல்லியிருக்கும். முதியவர்களிடம் நிலைமை வேறு. பற்கள் விழுந்து அல்லது பல்செட் தேய்ந்து தாடை உள்வாங்கும்போது வாயோரத்தில் மடிப்பு விழுகிறது, அதில் எச்சில் தேங்குகிறது, கேண்டிடா என்ற பூஞ்சை வளர்கிறது. அவர்களுக்கு வேண்டியது பூஞ்சைக் களிம்பும் சரியான பல்செட்டும். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பார்க்க வேண்டும். கவனிக்கப்படாத நீரிழிவு பூஞ்சைப் புண்ணாக வாயோரத்தில் தெரிவது உண்டு.

வாயில் புண் என்றால் வயிற்றில் புண் என்ற இன்னொரு நம்பிக்கையும் அசைக்க முடியாததாக இருக்கிறது. இதைச் சொல்லி அமிலம் குறைக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் எடுப்பவர்கள் ஏராளம். இரைப்பைப் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் வலி மாத்திரைகளும். அந்தக் கிருமியைக் காட்டிய பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005 இல் நோபல் பரிசு கிடைத்தது. இரைப்பைப் புண் உதட்டுக்கு ஏறி வருவதில்லை. குடலோடு தொடர்புள்ள வாய்ப்புண்கள் உண்டு; க்ரோன் நோய், சீலியாக் நோய் போன்றவற்றில் வரும். அவற்றிலும் அமில மாத்திரை புண்ணை ஆற்றாது.

ஒரே பதிலால் அதிகம் ஏமாறுகிறவர்கள் யார் என்று கேட்டால், மாத்திரையால் புண் வருகிறவர்கள் என்பேன். காய்ச்சலோ உடம்பு வலியோ வயிற்றுப்போக்கோ வரும். கடையில் ஏதோ ஒரு மாத்திரை வாங்கிப் போடுவார்கள். சில மணி நேரத்தில் உதட்டில் ஓர் இடம் அரித்து, சிவந்து, கொப்புளித்துப் புண்ணாகும். ஆறிய பிறகு அந்த இடம் கறுத்துப் போயிருக்கும். அடுத்த முறை அதே மாத்திரை, அதே இடம், இன்னும் கொஞ்சம் பெரிதாக. மருந்துத் தடிப்பு வகைகளில் ஒன்றான இது நம் நாட்டில் மிகச் சாதாரணம். கோட்ரைமாக்சசோல், டெட்ராசைக்ளின், வலி மாத்திரைகள், வயிற்றுப்போக்குக்குத் தரும் சில மாத்திரைகள் எல்லாம் இதைச் செய்யும். வீட்டில் என்ன சொல்வார்கள்? "காய்ச்சல் சூடு உதட்டுக்கு வந்திருக்கு." அந்த விளக்கம் பொருத்தமாகவே தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் காய்ச்சலும் புண்ணும் சேர்ந்தேதான் வருகின்றன. நடுவில் விழுங்கிய மாத்திரையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே இடத்தில் திரும்பி வந்து கறுப்புத் தடம் விடும் புண்ணுக்கு ஒரு கேள்வி போதும்: அன்றோ அதற்கு முந்தைய நாளோ என்ன மாத்திரை போட்டோம்? அட்டையை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போக வேண்டும். அந்த மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி, சட்டைப் பையிலோ கைப்பையிலோ எப்போதும் வைத்திருக்க வேண்டும். மாத்திரைக்குப் பிறகு இரண்டு உதடுகளும் வெந்து இரத்தப் பொருக்காகி, கண் சிவந்து, தோலிலும் கொப்புளம் கண்டால் அது வேறு கட்டம். ஒரு நாளும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம்.

லிப்ஸ்டிக், பற்பசையின் வாசனைப் பொருள், மாம்பால், ஓயாமல் உதட்டை நக்கும் பழக்கம், கூரான உடைந்த பல், வெற்றிலைச் சுண்ணாம்பு இவையும் உதட்டைப் புண்ணாக்கும். காரணத்தை விலக்கினால் ஆறும். தன் தோலையே உடம்பு தாக்கும் பெம்ஃபிகஸ் போன்ற நோய்கள் பல மாதம் வெறும் வாய்ப்புண்ணாக மட்டுமே இருந்துவிட்டுப் பிறகு உடம்பில் இறங்குவது உண்டு. சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் முதல் புண் உதட்டிலும் வரும். வலிக்காது, விளிம்பு கெட்டியாக இருக்கும், சில வாரத்தில் தானாகவே மறைந்துவிடும். புண் மறைந்தாலும் நோய் உள்ளே பயணம் போகிறது. அதற்குப் பென்சிலின் ஊசி இருக்கிறது. வெட்கத்தால் மறைத்து, சூடு என்று சொல்லித் தப்பித்துக்கொள்பவர் அந்த எளிய ஊசியை இழக்கிறார்.

இனிச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. "வலிக்கலையே, அப்புறம் என்ன?" என்ற ஒரு வாக்கியம் நம்மிடம் புழங்குகிறது. உதட்டுப் புண்ணில் வலியை வைத்து ஆபத்தை அளப்பது தலைகீழான கணக்கு. துடிக்கவைக்கும் குழிப்புண் பத்து நாளில் போய்விடுகிறது. புற்றுநோயின் தொடக்கம் பெரும்பாலும் வலிப்பதில்லை. கீழுதட்டில் ஆறாமல் நிற்கும் ஒரு சிறு வெடிப்பு, தொட்டால் கசியும் இரத்தம், விரலால் அழுத்தினால் அடியில் தட்டுப்படும் கெட்டி, உரிந்து உரிந்து மறுபடி கட்டும் பொருக்கு, தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு என்றுதான் அது வரும். உதட்டுப் புற்றில் மிகப் பெரும்பங்கு கீழுதட்டில் வருவது. வெள்ளைத்தோல் நாடுகளில் வெயில் இதற்குப் பெரிய காரணம். நம் தோலின் கருமை நமக்கு ஓரளவு காப்புத் தருகிறது என்றாலும், வயலிலும் கடலிலும் உப்பளத்திலும் நாளெல்லாம் நிற்பவரின் கீழுதடு வறண்டு, வெளுத்து, தோலுக்கும் உதட்டுக்கும் இடையிலுள்ள கோடு கலைந்துபோனால் அதையும் காட்டத்தான் வேண்டும். நம் ஊரில் முதல் எதிரி புகையிலையும் பாக்கும்.

2022 ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓர் ஆண்டில் சுமார் 1,44,000 பேருக்கு உதடு, வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் அதுவே முதலிடம். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்று வரவழைக்கும் என்று 1985 லேயே சொன்ன பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2004 இல் வெளியிட்ட தொகுதியில் புகையிலை சேராத தாம்பூலத்தையும் வெறும் பாக்கையும் அதே முதல் வகுப்பில் வைத்தது. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை. அப்படியும் கூல் லிப் என்ற பெயரில், புகையிலை அடைத்த சிறு பையை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொள்ளும் பழக்கம் பள்ளி மாணவர்கள் வரை வந்துவிட்டது. 2024 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைக் கவலையோடு விசாரித்தது. அந்தப் பை வைக்கும் இடத்தில் உள்ளுதடு வெளுத்துச் சுருங்குகிறது. தொடக்கத்திலேயே பையை விட்டால் பலருக்கு அந்த வெண்மை மறைந்தும் போகும். இந்தச் செய்தியை அந்தப் பையனிடம் சொல்ல வேண்டிய அம்மா, அவன் உதட்டைப் பார்த்து, "சூடுதான்டா, தண்ணி நிறையக் குடி" என்று சொல்லி அனுப்பினால், அவன் பையை வாயிலேயே வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான்.

கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளும் இந்தத் தாமதத்தில் பங்கு வகிக்கின்றன. மரத்துப்போகவைக்கும் ஜெல் வலியை அடக்கும். புண்ணின் வயதை மறக்கவைக்கும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு குழிப்புண்ணுக்கு நல்லது. அதே களிம்பு வைரஸ் புண்ணையும் பூஞ்சைப் புண்ணையும் மோசமாக்கும். புற்றின் மேல் பூசினால் சிவப்பும் வீக்கமும் கொஞ்சம் குறைந்து, குணமாவதாகத் தோன்றும். அந்தத் தோற்றத்தில் இரண்டு மாதம் போய்விடும்.

சரி, மருத்துவரிடம் போனால் அவர் சதைப் பரிசோதனை என்பார். அங்கேயும் ஒரு நம்பிக்கை குறுக்கே நிற்கிறது: "கத்தி பட்டால் பரவிவிடும்." இதைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பரிசோதனைக்குப் பிறகு சில மாதத்தில் இறந்தவரை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர் எந்தக் கட்டத்தில் கத்திக்கு வந்தார் என்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள். நம் நாட்டில் வாய்ப் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். நோய் முற்றியதால் நேர்ந்த சாவைக் கத்தியின் மேல் எழுதுவது பெரும்பிழை. உதட்டில் ஊசி போட்டு மரத்துப்போகவைத்து, சில மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துணுக்கு எடுத்து, தேவையானால் ஒரு தையல் போடுவார்கள். சில நாளில் முடிவு வரும். அந்தத் துணுக்கு இல்லாமல் எந்த மருத்துவரும், எவ்வளவு பெரிய பட்டம் பெற்றவரும், புற்றா இல்லையா என்று உறுதி சொல்ல முடியாது. தொடக்கக் கட்டத்தில் கண்டுபிடித்து எடுத்துவிட்ட உதட்டுப் புற்றில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். கழுத்தில் நெறி கட்டிய பிறகு வந்தால் அந்த வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது.

"இப்படிச் சொல்லி ஊரையே பயமுறுத்துகிறீர்கள், எல்லாரும் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டுமா?" என்று கேட்பவர்களுக்குப் பக்கத்து மாநிலத்திலிருந்து பதில் சொல்கிறேன். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் 1996 இல் ஓர் ஆய்வு தொடங்கியது. 35 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 1,90,000 பேர். அவற்றில் 7 பஞ்சாயத்துகளில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் இல்லை. ஸ்கேன் இல்லை, இரத்தப் பரிசோதனை இல்லை. 2005 இல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. வெறும் வெளிச்சமும் பார்க்கும் கண்ணும் செய்த வேலை அது. சூடு என்ற பதில் நம்மிடமிருந்து பறிப்பது அந்தப் பார்வையைத்தான். 30 முதல் 65 வயது வரையுள்ள எல்லாருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாயைப் பரிசோதிக்க வேண்டும் என்பது மத்திய அரசு 2016 இல் தந்த வழிகாட்டுதல். உங்கள் ஊர்ச் செவிலியரிடம் இதை உரிமையோடு கேட்கலாம்.

பயமுறுத்துவது பற்றி இன்னொன்று. இரண்டு வாரம் தாண்டிய புண்ணோடு போகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இருக்காது. கூரான பல், பூஞ்சை, இரத்தசோகை, மாத்திரை என்று ஏதோ ஒன்று இருக்கும். சரியான காரணம் தெரிந்தால் அந்த வாரமே வழி பிறக்கும். ஆறு மாதம் புளிப்பையும் காரத்தையும் கறியையும் விட்டுவிட்டுத் தன் உடம்பையே குற்றம் சொல்லிக்கொண்டு கிடப்பதைவிட அது நிம்மதி.

ஆகவே முதல் இரண்டு வாரத்துக்கு உங்கள் மோரைக் குடியுங்கள். கூடவே சிலவற்றைச் செய்யுங்கள். புண் தொடங்கிய தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுத்துவையுங்கள். நினைவு ஏமாற்றும், படம் ஏமாற்றாது. வாசனையில்லாத வாசலைன் தடவலாம். பொருக்கை உரிக்காதீர்கள், உதட்டை நக்காதீர்கள். கொத்துக் கொப்புளம் இருக்கும் நாட்களில் கைக்குழந்தையை முத்தமிடவே கூடாது. பிறந்த சில வாரக் குழந்தைக்கு அந்த வைரஸ் உயிராபத்து. புகையிலை, பாக்கு, பீடி மூன்றையும் நிறுத்துங்கள். விட முடியவில்லை என்றால் 1800 11 2356 என்ற தேசிய இலவச எண்ணில் உதவி கிடைக்கும். காலை வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, இரண்டு உதடுகளையும் மடித்து உட்பக்கம் பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உதட்டைப் பிடித்து ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவிக் கெட்டி தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். தாடைக்கு அடியில் கட்டி இருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

பதினைந்தாம் நாள் புண் இருந்தால் வீட்டு வைத்தியத்தின் வேலை முடிந்தது. பல் மருத்துவர், தோல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர் மூவரில் யாரிடமும் போகலாம். தாலுகா, மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இதைப் பார்ப்பார்கள். புற்றென்று தெரிந்தால், முத்துலட்சுமி ரெட்டி 1954 இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனமும் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. உங்கள் அப்பாவோ அத்தையோ பக்கத்து வீட்டு அண்ணனோ ஒரு மாதமாக உதட்டில் புண்ணோடு மோர் குடித்துக்கொண்டிருந்தால், அவர்களோடு வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். நாளைக் காலை ஓபி சீட்டு வாங்க நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.